றோலர்த் திருகும் கணினிச் சுருளியும்

ஹற்றன், நுவரெலியாப் பகுதிகளின் தேயிலைத் தொழிற்சாலையைத் தோட்டத்து மக்கள் ‘ஸ்டோர்’ என வழங்குவர். அங்கே வாடவைத்த கொழுந்தைக் கசக்கிச் சாறு வெளிப்படச் செய்யும் பழைய றோலரின் உச்சியிலே தடித்த திருகு ஒன்று உண்டு. அதன் கைச்சக்கரத்தைச் சுழற்றச் சுழற்ற, அழுத்தத் தட்டு கொழுந்தின்மீது சிறிது சிறிதாக இறங்கும். அழுத்தம் குறைந்தால் இலை முறுகாது; மிகுந்தால் சூடேறிக் குணங்கெடும். எத்தனை சுற்று இறக்குவது, எப்போது தளர்த்துவது என்பது றோலர்காரரின் கைக்குப் பழகிய கணக்கு. அக்கணக்கைத் தாங்கி நிற்பது திருகின் புரியே.

பிரித்தானியப் பட்டறைகளில் உருவான அவ்வியந்திரங்கள் அங்குல அளவையோடு மலையேறியவை. அவற்றின் போல்ட்டுகளில் 1841 இல் ஜோசப் விட்வர்த் முன்மொழிந்த 55 பாகைப் புரியைக் காணலாம். இன்றைய மெற்றிக் புரியோ 60 பாகை. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் முகாமை கம்பனிகளின் கைக்குச் சென்றது. உடைமை மாறிய வேகத்தில் திருகுகள் மாறவில்லை.

தேய்ந்த திருகுக்கு வரைபடம் கிடையாதெனின், தோட்டத்துப் பிள்ளையொருவர் பிறீகாட் போன்ற இலவச மென்பொருளில் அதனை மீள வரையலாம். செங்கோண முக்கோணக் காகிதமொன்றைப் பென்சிலைச் சுற்றி ஒட்டினால் அதன் சாய்பக்கம் சுருளியாகும். மலையைச் சுற்றி ஏறும் றம்பொடைப் பாதைக்கும் திருகுக்கும் உள்ள உறவு இதுவே. கணினியும் அதையே செய்கிறது: உருளையின் மேல் சுருளியை இட்டு, பள்ளத்தின் குறுக்குவெட்டை அதன் வழியே இழுத்துச் சென்று செதுக்குகிறது.

செய்கை எளிது; அளவில்தான் இடறல். அழுத்தத் திருகு சதுரப் புரியுடையது, அங்குலத்துக்கு நான்கு புரி என வைத்துக்கொண்டால், புரியிடைத்தூரம் 6.35 மில்லிமீற்றர். அதனை 6 என முழுமையாக்கினால் ஒரு சுற்றுக்கு 0.35, பத்துச் சுற்றுக்கு 3.5 மில்லிமீற்றர் பிழை சேரும். பள்ளத்தின் அகலமோ 3.175 தான். திரையில் அழகாகத் தோன்றும் அத்திருகில் நட்டு இரண்டொரு சுற்றிலேயே இறுகிவிடும். ஆதலால் நட்டு ஓடாத, தேயாத மேற்பகுதியிலே பத்துப் புரிகளைச் சேர்த்தளந்து பத்தால் வகுப்பதே தக்கது. புரி ஒற்றையா இரட்டையா என்பதையும் பார்த்தல் வேண்டும். இரட்டைப் புரியாயின் தட்டு ஒரு சுற்றுக்கு இருமடங்கு இறங்கும். எப்பக்கம் சுழற்றினால் இறங்குகிறது என்பதை ஸ்டோர்ப் பிட்டரைக் கேட்டாலே போதும். ஆயினும் அவரைக் கேட்க எவருக்கும் தோன்றுவதில்லை. அவர் அறிந்தவை எந்த ஏட்டிலும் இல்லை.

சாதாரண போல்ட்டுக்கு இவ்வளவு பாடு வீண். கணினியைத் திணறடிக்கும் உண்மைச் சுருளியை விடுத்து, புரியின் தோற்றத்தை மட்டும் காட்டி அளவை எழுதிவிடுவதே பொறியியலாளர் வழக்கம். அது சரியானதே. கடைசற்காரருக்கும் சுருளி வேண்டியதில்லை; விட்டம், புரியிடைத்தூரம், திசை ஆகியவை தெரிந்தால் இயந்திரத்தின் பற்சில்லுகள் சுருளியைத் தாமே வெட்டிவிடும். அங்குல அளவுடைய பழைய கடைசல் இயந்திரம் அருகிலிருந்தால் இன்னும் நல்லது.

நட்டு வெண்கலத்தாலானதாயின் திருகுக்கு முன்னர் அதுவே தேயும். அப்போது திருகைத் தொடாது, அதே சுருளியை நட்டின் உட்புறத்தில் செதுக்கி, எண்ணெய் புகச் சிறிது இடைவெளி விட்டு வரைந்தாற் போதும்.