குன்றிமணிக் குற்று

எழுத்து வணக்கத்துக்குரியது. விஜயதசமியன்று அரிசியில் விரல் பிடித்து அகரம் எழுதுவித்த நாள்முதலாக எமக்கு ஊட்டப்பெற்ற எண்ணம் அது. அத்தகைய எழுத்தை விளையாட்டுப் பொருளாக்கலாமோ என்று முன்னர் எவரேனும் எம்மை வினவியிருப்பின், கூடாது என்றே விடை பகர்ந்திருப்போம். இன்று அவ்வாறு பகரோம். விளையாடலாம்; ஆயின் அவ்விளையாட்டுக்கும் ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லையை எமக்குக் காட்டியது ஒரு குன்றிமணி.

மார்கழி விடுமுறை. வெளியே அடைமழை, மின்சாரமும் நின்றுவிட்டது. எம் அன்னையார் விறாந்தையில் அமர்ந்து பனங்கட்டிக் குட்டான் இழைத்துக்கொண்டிருந்தார். அருகிருந்த எம் பத்து வயது மகள், கழிந்த ஓலைவார் ஒன்றை இரண்டிடத்தில் மடித்து நிலத்தில் வைத்து, "அப்பா, இஞ்சை பாருங்கோ, 'ப' வந்திட்டுது!" என்று கூவினாள்.

அவ்வளவுதான், வீடு முழுவதும் எழுத்துப் பட்டறையாகிவிட்டது. 'ட'வும் 'ம'வும் எளிதில் அமைந்தன. 'இ'யையும் 'ஞ'வையும் வளைக்கப் புகுந்தபோதோ ஓலை வெடித்தது. ஓலையில் எழுத்தாணியால் நேர்கோடு கீறினால் ஓலை கிழியும் என்பதனாலேயே தமிழெழுத்து வளைந்து உருண்டது என்பர். ஓலையின்மேல் எழுதுவதற்கு இசைந்த அவ்வளைவுகள், ஓலையைக்கொண்டே எழுத்தமைப்பதற்கு இசையவில்லை! "பொறு பிள்ளை, தண்ணியிலை நனைச்சுத் தாறன்" என்று அப்பாச்சி துணைக்கு வந்தார். நனைந்த ஓலை சொற்கேட்டு வளைந்தது.

தமிழெழுத்து 247 எனினும் அத்தனைக்கும் தனி உருவம் வேண்டுவதில்லை. உயிரும் ஆய்தமும், அகரமேறிய மெய் 18, உகர ஊகாரம் ஏறியவை 36, அரவு, விசிறி, கொம்பு முதலிய குறிகள் ஆகியவற்றைச் சேர்த்து எண்ணினால் ஏறக்குறைய 75 உருவங்கள் போதும். மழை விடுவதற்குள் அவையெல்லாம் அமைந்துவிட்டன. எஞ்சியது ஒன்றே, புள்ளி. யாழ்ப்பாணத்தில் நாம் 'குற்று' என வழங்குவது. ஓலையைப் புள்ளியாக மடிப்பது எவ்வாறு? மகள் ஓடிச்சென்று பல்லாங்குழிக்கென வைத்திருந்த குன்றிமணி ஒன்றைக் கொணர்ந்து 'க'வின் தலையில் வைத்தாள். அழகாகத்தான் இருந்தது.

எம்மிடம் முன்பு பயின்ற மாணவர் ஒருவர், கைத்தொலைபேசியில் நாம் எடுத்த படங்களைக்கொண்டு அவற்றைக் கணினி எழுத்துருவாக்கித் தந்தார். விளையாட்டாகப் பிறந்த எழுத்து ஊருலா வருதல் புதிதன்று. 1994இல் மைக்ரோசொவ்ற் நிறுவனத்திற் பணியாற்றிய வின்சென்ற் கொன்னேர் என்பார், சித்திர நாய் ஒன்றின் பேச்சு 'ரைம்ஸ் நியூ ரோமன்' என்னும் மிடுக்கான எழுத்தில் இருக்கக்கண்டு, நாய்க்கு இவ்வெழுத்துப் பொருந்தாது எனக் கருதிச் சித்திரக்கதைக் கையெழுத்தைப் போன்ற ஓரெழுத்தை ஆக்கினார். அதுவே உலகெங்கும் பரந்த 'கொமிக் சான்ஸ்'. நாய்க்கென ஆக்கிய எழுத்தே அத்துணைப் புகழ் பெற்றதாயின், எம் ஓலையெழுத்துக்கு என்ன குறை?

இச்செருக்கினால், கல்லூரி வாணி விழா அழைப்பிதழை அவ்வெழுத்திலேயே அமைத்தோம். கணினித் திரையிற் பெருக்கிப் பார்த்தபோது குறையொன்றுந் தோன்றவில்லை. 200 போட்டோக் கொப்பி எடுத்து, மறுநாட் காலை ஆறாந் தர மாணவர்க்கு ஓரிதழ் கொடுத்து வாசிக்கச் சொன்னோம். முதல் வரியில், கலைமகள் நமக்கு அருளும் 'கல்வி' இருந்தது. சிறுவன் ஒருவன் கண்டதைக் கண்டபடி உரக்க வாசித்து, "சேர், இந்தச் சொல்லுக்கு என்ன கருத்து?" என்றான்.

இதழை வாங்கிப் பார்த்தோம். சாணளவு எழுத்தின்மேல் குன்றிமணியளவு குற்று! எழுத்துச் சிறுத்தபோது குற்றுத் தூசாகிவிட்டது. தூசைப் போட்டோக் கொப்பி இயந்திரம் துடைத்துவிட்டது. லகரக் குற்றை இழந்த அச்சொல் என்னவாயிற்று என்பதைக் குடும்பத்தினர் படிக்கும் இப்பக்கத்தில் எழுதுதல் தகாது. வாசகர் தாமே குற்றை நீக்கி வாசித்துக்கொள்க. அதிபர் ஒன்றும் கூறினாரல்லர். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி நெடுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

அன்றிரவு அப்பாச்சி, மகள், நாம் மூவரும் பேனாவுடன் அமர்ந்தோம். ஓரிதழில் 64 குற்று. 200 இதழுக்கு 12,800. பாதி கடந்தபோது மகள், "முந்தின ஆக்கள் ஓலையிலை எப்பிடி அப்பா குற்று வைச்சவை?" என்றாள். பெரும்பாலும் வைக்கவில்லை என்றோம். சுவடிகளில் மெய்யெழுத்துப் புள்ளியின்றியே நிற்கும். எகர ஏகார வேறுபாடுங் காணப்படாது. அரவும் ரகரமும் ஒன்றுபோலவே தோன்றும். நம் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையையும், அதே ஆண்டில் உ. வே. சாமிநாதையர் சீவகசிந்தாமணியையும் அச்சேற்றியபோது, சொல்தோறும் இது மெய்யோ உயிர்மெய்யோ என்று ஆராய்ந்தே குற்றிட வேண்டியிருந்தது. இருபது ஆண்டாக இதனை வகுப்பிற் கூறிவருகின்றோம். அதன் பாரம் விரலில் உறைத்தது அன்றிரவுதான். எமக்காவது எந்த எழுத்திற் குற்று வரும் என்பது தெரியும். செல்லரித்த ஏட்டின்முன் இருந்த அவர்களுக்கு அதுவுந் தெரியாதே!

"அப்ப அவையளுக்கும் இப்பிடிப் பிழைச்சிருக்குமோ?" என்றாள் மகள். பிழைத்தும் இருக்கும், திருத்தியும் இருப்பார்கள் என்றோம்.

பின்னர் அப்பாச்சி ஓலைநுனியை இறுக முடிந்து, பாக்களவில் ஒரு முடிச்சாக்கித் தந்தார். குன்றிமணி நீங்கி, இப்பொழுது அம்முடிச்சே எழுத்துருவிற் குற்றாக விளங்குகின்றது. முன்னையதுபோல அத்துணை அழகில்லை. ஆயினும் எந்த இயந்திரமும் அதனைத் துடைக்கமாட்டாது. வீட்டுக்கு எந்த அழைப்பிதழ் வந்தாலும் எம் மகள் பெயரையும் நாளையும் பார்ப்பதற்கு முன் குற்றுக்களையே எண்ணுகிறாள்.