கார்பன் கரைஞ்சுபோச்சா?

ரொம்ப நாளா எழுதலை மக்களே. ஆபீஸ்ல ஆணி அதிகம். இன்னிக்கும் பெரிய விஷயம் ஒண்ணும் இல்லை, ஒரு பழைய டிவிக்கு விளக்கு மாத்தின கதைதான். "டிவிக்கு ஏதுடா விளக்கு?"ன்னு கேக்குறவங்களுக்கு கீழே பதில் இருக்கு.

நான் இருக்கிறது டாலஸ் பக்கத்துல ரிச்சர்ட்சன். ஒரு அபார்ட்மெண்ட்ல மூணு பேர். எங்களுக்கு முன்னாடி அந்த வீட்ல இருந்த தெலுங்கு நண்பர் ஊருக்குத் திரும்பும்போது 65 அங்குல டிவி ஒண்ணை விட்டுட்டுப் போனார். எல்ஈடி கிடையாது. 2008-ல செஞ்ச ப்ரொஜெக்‌ஷன் டிவி. பீரோவைப் படுக்கப் போட்ட மாதிரி இருக்கும். தூக்கிப் போடக்கூட ஆள் கூப்பிடணும்னுதான் அவர் எங்களுக்குத் தானம் பண்ணினார்னு நினைக்கிறேன் :-)

இந்த டிவி ஒரு குட்டி சினிமா தியேட்டர். பெட்டிக்குள்ள ஒரு விளக்கு எரியும். அந்த வெளிச்சம் சுத்திக்கிட்டே இருக்கிற கலர் சக்கரம் வழியா ஒரு சிப் மேல விழும். சிப் மேல பத்து லட்சத்துக்கும் அதிகமான பொடிக் கண்ணாடிகள். ஒவ்வொண்ணும் ஒரு நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சாயும். வெளிச்சம் திரைக்குப் போனா வெள்ளை, போகலைன்னா கறுப்பு. லென்ஸும் பெரிய கண்ணாடியும் அதைப் பெருசாக்கி, திரைக்குப் பின்னாலேர்ந்து அடிக்கும். நாம முன்னால உக்காந்து பாக்குறோம். அவ்வளவுதான் டிஎல்பி.

போன மாசம் படம் மங்க ஆரம்பிச்சுது. மொதல்ல ராத்திரி சீன் எதுவும் தெரியலை. அப்புறம் பகல் சீனும் சாயங்காலம் மாதிரி ஆச்சு. தினமும் பாக்குறதால எங்க யாருக்கும் உறைக்கலை. ஒரு சனிக்கிழமை ராத்திரி அப்பாகிட்ட வீடியோ கால் பேசிட்டு இருந்தேன். அங்கே ஞாயித்துக்கிழமை காலை ஏழரை. எனக்குப் பின்னால டிவி ஓடிட்டு இருந்துச்சு. அப்பா பேச்சை நிறுத்திட்டு, "என்னப்பா, பின்னாடி கார்பன் கரைஞ்சுபோச்சா?"ன்னு கேட்டார்.

அப்பா யாருன்னு சொல்லணும். திருச்சி பக்கம் எங்க ஊர் தியேட்டர்ல 26 வருஷம் ஆபரேட்டரா இருந்தவர்.

அந்தக் காலத்து தியேட்டர் மெஷின்ல பல்பு கிடையாது. ரெண்டு கார்பன் குச்சி. மின்சாரம் கொடுத்து, ரெண்டையும் தொட வெச்சு இழுத்தா நடுவுல கண்ணைப் பறிக்கிற வெளிச்சம் வரும். ஆர்க். குச்சிகள் எரிய எரியக் கரையும், இடைவெளி கூடும், திரையில வெளிச்சம் மாறும். ஆபரேட்டர் கறுப்புக் கண்ணாடி வழியா பாத்து இடைவெளியைச் சரி பண்ணிட்டே இருக்கணும். ஒரு ரீல் இருவது நிமிஷம். அது முடியறதுக்குள்ள பக்கத்து மெஷின்ல அடுத்த ரீல் ரெடியா இருக்கணும். கீழே ஜனம் விசிலடிச்சுப் படம் பாக்கும்போது அப்பா குச்சியைப் பாத்துட்டு இருப்பார். பாதிப் படங்களோட கதையே அவருக்குத் தெரியாது. எல்லாத்துலயும் வெளிச்சம் எப்படி இருந்துச்சுன்னு தெரியும்.

சரி, டிவிக்கு வருவோம். நம்மதான் இஞ்சினியர் ஆச்சே! ஆபரேட்டர்கிட்ட எதுக்கு யோசனை? "நான் பாத்துக்குறேன்பா"ன்னு சொல்லிட்டு இணையத்துல தேடினேன். விளக்கு அதோட பிளாஸ்டிக் கூட்டோட சேர்த்து வாங்கினா விலை அதிகம். கூடு இல்லாம வெறும் விளக்கு மட்டும் முப்பத்தெட்டு டாலர். பழைய கூட்டுலேயே மாட்டிக்கலாம். வாங்கினேன். மாட்டும்போது உள்ளே தூசி மாதிரி தெரிஞ்சுது. விரலை விட்டுத் தொடைச்சேன்.

டிவி ஜெகஜ்ஜோதியா எரிஞ்சுது. ரூம் மேட்ஸ்கிட்ட பெருமையா ஒரு லெக்சர் வேற கொடுத்தேன். சரியா மூணு வாரம். ஒரு ராத்திரி மேட்ச் ஓடிட்டு இருக்கும்போது பெட்டிக்குள்ள 'டப்'புன்னு ஒரு வெடிச் சத்தம். திரை கறுப்பு. ஜன்னலைத் திறந்து வெச்சுட்டு மூணு பேரும் வெளியே ஓடினோம்.

அப்புறம்தான் ஒழுங்கா படிச்சேன். அந்த விளக்குக்குள்ளயும் ஆர்க்தான்! குவார்ட்ஸ் குடுவைக்குள்ள ரெண்டு டங்ஸ்டன் முனை, நடுவுல ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் இடைவெளி, கூட துளியூண்டு பாதரசம். எரியும்போது பாதரசம் ஆவியாகி, உள்ளே அழுத்தம் காத்து மண்டல அழுத்தத்தைப் போல ஏறக்குறைய 200 மடங்கு போகும். குடுவை ஆயிரம் டிகிரி பக்கம் கொதிக்கும். எரிய எரிய முனை தேயும், குடுவை உள்பக்கம் கறுக்கும். வெளிச்சம் பாதியாக ஆகுற நேரத்தைத்தான் பொதுவா ஆயுள்னு போடுறாங்க. குடுவை மேல விரல் பட்டா தோல்ல இருக்கிற எண்ணெயும் உப்பும் ஒட்டிக்கும். சூட்டுல அந்த இடத்துல குவார்ட்ஸ் வெளுத்து, பலம் போயிடும்.

அடுத்த சனிக்கிழமை அப்பாவைக் கூப்பிட்டேன். வெடிச்சதைச் சொன்னேன். அவர் கேட்ட மொதக் கேள்வி: "கண்ணாடியைக் கையால தொட்டியா?"

"இல்லப்பா."

யோசிக்கவே இல்லை, அதுபாட்டுக்கு வாய்ல வந்துச்சு. அப்பா ஒண்ணும் சொல்லலை. "செனான் லாம்ப்ல நாங்க தொட மாட்டோம்"னு மட்டும் சொன்னார். எங்க தியேட்டர்ல 2006-ல கார்பன் போய் செனான் வந்துச்சு. அது அணைஞ்சு ஆறின பிறகும் உள்ளே அழுத்தத்தோடவே இருக்கும். அதனால முகத்துக்கு மறைப்பு, கைக்கு உறை எல்லாம் போட்டுக்கிட்டுத்தான் மாத்துவாங்க. சின்னப் பையனா நான் பாத்திருக்கேன். அப்பா விண்வெளிக்குப் போறவர் மாதிரி இருப்பார். அப்போ அவ்வளவு பெருமையா இருக்கும்.

அந்தப் பெருமை எப்போ போச்சுன்னு எனக்கு நல்லாத் தெரியும்.

2012-ல எங்க ஊர் தியேட்டருக்கு டிஜிட்டல் வந்துச்சு. ரீல் கிடையாது, ரீல் மாத்துறது கிடையாது. கம்ப்யூட்டர் தெரிஞ்ச பையன் ஒருத்தன் வந்து பட்டனைத் தட்டினான். அப்பா கல்யாண மண்டபத்துல வாட்ச்மேன் ஆனார். ரெண்டு வருஷம் கழிச்சு நான் இஞ்சினியரிங் சேர்ந்தேன். ஹாஸ்டல்ல மொத நாள் ஒவ்வொருத்தனும் அப்பா என்ன பண்றார்னு சொல்லிட்டு வந்தான். பேங்க் மேனேஜர், வாத்தியார், டாக்டர். என் முறை வந்துச்சு. "அப்பா ஈ.பி.ல இருக்கார்"னு சொன்னேன்.

மூணாவது வருஷம் அப்பா ஒரு நாள் சொல்லாம கொள்ளாம ஹாஸ்டலுக்கு வந்துட்டார். கையில முறுக்குத் தூக்கு. ரூம் மேட் மரியாதையா எழுந்து, "அங்கிள், ஈ.பி.ல எந்த செக்‌ஷன்?"னு கேட்டான். எனக்கு மூச்சு நின்னுடுச்சு. அப்பா என்னை ஒரு தடவை பாத்தார். அப்புறம் சிரிச்சுக்கிட்டே, "விளக்கு அணையாம பாத்துக்கறதுதான் தம்பி நம்ம வேலை"ன்னு சொல்லிட்டு முறுக்கை எடுத்து நீட்டினார்.

பஸ் ஏத்திவிடப் போனப்ப அவரும் அதைப் பத்திப் பேசலை, நானும் பேசலை. அதுக்கப்புறமும் ஒரு தடவைகூடப் பேசினது இல்லை.

புது விளக்கு, கூட்டோடவே, வந்து சேர்ந்துச்சு. இந்தத் தடவை அப்பா வீடியோ கால்ல இருக்கும்போதே மாத்துறதுன்னு முடிவு பண்ணினேன். ரூம் மேட் போனைப் பிடிச்சுக்கிட்டான்.

"ப்ளக்கைப் பிடுங்கினியா?"

"வெடிச்சதுலேர்ந்தே பிடுங்கித்தான்பா இருக்கு. ஜில்லுனு இருக்கு."

"இருந்தாலும் தொட்டுப் பாக்கறதுக்கு முன்னாடி கையுறையைப் போடு. கண்ணுக்கும் ஏதாவது போட்டுக்க."

போட்டேன். மூடியைத் திறந்து, ரெண்டு ஸ்க்ரூவைத் தளர்த்தி, கைப்பிடியைப் பிடிச்சு கூட்டை மெதுவா இழுத்தேன். முன்பக்கக் கண்ணாடி விரிசல். உள்ளே குடுவை நொறுங்கிக் கிடந்துச்சு. அதை போனுக்கு நேரா காட்டினேன். அப்பா கிட்ட வந்து ரொம்ப நேரம் பாத்தார். ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே பாக்குற டாக்டர் முகம்.

"அப்பா, நான் தொட்டேன்பா. விரலாலே தொடைச்சேன். அன்னிக்குப் பொய் சொல்லிட்டேன்."

"தெரியும்பா. மூணு வாரத்துல போச்சுன்னா ஒண்ணு சரக்கு மட்டம், இல்ல கை பட்டிருக்கணும். ரெண்டும் சேர்ந்துகூட இருக்கலாம்."

அதோட விட்டிருக்கலாம். ஆனா வாய் நிக்கலை. "ஹாஸ்டல்லயும் பொய் சொன்னேன்பா. ஈ.பி.ன்னு." ரூம் மேட்டுக்கு ஒண்ணும் புரியலை, போனைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே நின்னான். ஒரு பொண்ணு முன்னாடி அழுததுகூட எனக்கு இவ்வளவு கூச்சமா இருந்தது இல்லை.

அப்பா கொஞ்ச நேரம் பேசலை. நெட்வொர்க் போயிடுச்சோன்னு பாத்தேன். அப்புறம் சொன்னார், "எண்பத்தாறுல நான் ஈ.பி. வேலைக்கு அப்ளிகேஷன் போட்டிருந்தேன், தெரியுமா? கிடைக்கலை. அப்புறம்தான் தியேட்டர். உன் புண்ணியத்துல ஒரு நாள் வேலை பாத்தாச்சு."

சிரிச்சார். நானும் சிரிச்சேன். அவர் சிரிப்பு முடியறதுக்குக் கொஞ்சம் முன்னாடியே நின்னுபோன மாதிரி எனக்குத் தோணுச்சு. "சரி, புதுசை உள்ள தள்ளு. நேரா போகணும், வலுக்கட்டாயமா தள்ளாதே"ன்னார்.

தள்ளினேன். ஸ்க்ரூவை முறுக்கி, மூடியைப் போட்டேன். மூடி சரியா உக்காரலைன்னா உள்ளே இருக்கிற பாதுகாப்பு ஸ்விட்ச் விளக்கை எரிய விடாது. ப்ளக்கைச் சொருகி ஆன் பண்ணினேன். சக்கரம் சுத்துற சத்தம். பல ஆயிரம் வோல்ட் ஒரு நொடி பாஞ்சு ஆர்க் பத்திக்கணும். பத்திக்கிச்சு. திரை மெல்ல மெல்ல வெளுத்துக்கிட்டே வந்துச்சு.

"இன்னும் ஒரு நிமிஷம் விடு. முழு வெளிச்சம் வரட்டும்"னார் அப்பா. வந்துச்சு.

அப்போ அவர்கிட்ட ஒரு விஷயம் சொன்னேன். இந்த டிவிக்குள்ள இருக்கிற கண்ணாடிச் சிப்பை 1987-ல டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ்ல லாரி ஹார்ன்பெக்னு ஒருத்தர் கண்டுபிடிச்சார். அந்தக் கம்பெனி நான் இருக்கிற இடத்துலேர்ந்து காரில் கொஞ்ச தூரம்தான். அதே வகைச் சிப்பை வெச்சு 1999-ல அமெரிக்காவுல ஸ்டார் வார்ஸ் படத்தை ஃபிலிமே இல்லாம ஓட்டினாங்க. 2015-ல அவருக்கு ஆஸ்கர் அமைப்போட தொழில்நுட்ப விருதும் கிடைச்சுது. நம்ம ஊர் தியேட்டருக்கு வந்த டிஜிட்டல் ப்ரொஜெக்டருக்குள்ள இருந்ததும் இந்தக் குடும்பம்தான்பா, உங்க வேலையை எடுத்துக்கிட்டது இதுதான், அப்படின்னேன்.

கோபப்படுவார்னு நினைச்சேன். திரையையே பாத்துட்டு இருந்தார்.

"படம் நல்லாத்தான் இருக்கு. கீறல் இல்ல, ஆட்டம் இல்ல. நல்லா இல்லைன்னு சொன்னா பொய். லைட்டு மட்டும் இன்னும் ஆர்க்தானே?"

"ஆர்க்தான்பா."

"அப்பச் சரி"ன்னார்.

ரூம் மேட் போனை அவன் பக்கம் திருப்பி, "அங்கிள், நீங்க டிவி மெக்கானிக்கா?"ன்னு கேட்டான். அப்பா என்னைத் தேடினார். நான் இன்னும் தரையில, கையுறையோட உக்காந்திருந்தேன். "ஆபரேட்டர்டா. எங்கப்பா சினிமா ஆபரேட்டர்"னு நானே சொன்னேன். அவன் வாயைப் பிளந்து, "நிஜமாவா? ரஜினி படமெல்லாம் ஓட்டியிருக்கீங்களா அங்கிள்?"னு ஆரம்பிச்சுட்டான். அடுத்த முக்கால் மணி நேரம் என்னோட போன் எனக்கு இல்லை. பொங்கல் ரிலீஸ் அன்னிக்கு குச்சி தீந்துபோய் பக்கத்து ஊருக்கு சைக்கிள்ல ஆள் அனுப்பின கதை, குச்சி மேல பூசின செம்பு உருகிச் சொட்டுறதைச் சேத்து வெச்சு எடைக்குப் போட்டு எனக்கு மூணாம் வகுப்புல பை வாங்கின கதை... அந்தப் பை எனக்கு ஞாபகம் இருக்கு. நீலக் கலர். காசு எங்கேர்ந்து வந்துச்சுன்னு எனக்கு அன்னிக்குத்தான் தெரியும்.

டிவி இப்போ நல்லா எரியுது. திரையில அங்கங்கே ரெண்டு மூணு வெள்ளைப் புள்ளி இருக்கு, சிப்புல சில கண்ணாடிகள் சாயாம நின்னுபோச்சு போல. இந்த வகை டிவியைக் கடைசி வரைக்கும் செஞ்ச மிட்சுபிஷியும் 2012 டிசம்பர்ல நிறுத்திட்டாங்க. எங்க பெட்டிக்கும் நாள் எண்ணிக்கிட்டுத்தான் இருக்கும். இருக்கிற வரைக்கும் எரியட்டும்.

பி.கு: யார் வீட்லயாவது இப்படி ஒரு கிழ டிவியோ விளக்கு ப்ரொஜெக்டரோ இருந்தா:

1. அணைச்சு, ப்ளக்கைப் பிடுங்கி, குறைஞ்சது ஒரு மணி நேரமாவது ஆற விடுங்க. அணைச்ச உடனே திரும்பப் போட்டாலும் எரியாது. சூடா இருக்கும்போது உள்ளே அழுத்தம் அதிகம், ஆர்க் பத்தாது.

2. கண்ணாடியில விரல் படக்கூடாது. பட்டுட்டா ஸ்பிரிட் தொட்ட மெல்லிய துணியால தொடைங்க.

3. மாத்தினதும் மெனுவுல லாம்ப் நேரக் கணக்கை பூஜ்யமாக்குங்க.

4. பழைய விளக்குல பாதரசம் இருக்கு. குப்பையில போடாதீங்க, அபாயக் கழிவு வாங்குற இடத்துல கொடுங்க.

5. அப்பா கேட்டா உண்மையைச் சொல்லிடுங்க. அவங்களுக்கு ஏற்கெனவே தெரிஞ்சிருக்கும்.