50727

டாட்நெட்டில் கொஞ்ச காலம் குப்பை கொட்டியவர்களுக்கு இந்த எண் சொந்த வண்டி நம்பர் மாதிரி மனப்பாடம். 2.0.50727. 2005இல் வந்த ரன்டைமின் பதிப்பு எண். பின்னால் வந்த 3.0, 3.5 இரண்டும் ஓடியது இதன் மேல்தான். 2010இல் 4.0 வந்தபோதுதான் எஞ்சினையே மாற்றினார்கள்.

சி ஷார்ப்பில் மட்டும் எழுதிய பழைய டிஎல்எல்களைப் புது ரன்டைம் பெரும்பாலும் முனகாமல் ஏற்றிக்கொள்ளும். வம்பு பண்ணுவது, சி பிளஸ் பிளஸ் எந்திரக் கட்டளையும் டாட்நெட் கோடும் ஒரே கோப்பில் கலந்துகிடக்கும் டிஎல்எல்கள். 2.0.50727க்குக் கட்டப்பட்டது, கன்ஃபிக்கில் தனியாகச் சொல்லாமல் 4.0இல் ஏற்ற முடியாது என்று பிழைச்செய்தி வரும்.

ஒரு நெல் அரவை மில்லின் எடை மேடையில் இதைச் சந்தித்தேன். லாரியின் எடையைக் கணினிக்குள் கொண்டுவரும் டிஎல்எல் அப்படிப்பட்டது. எழுதிக்கொடுத்த கம்பெனி மூடியாயிற்று. சோர்ஸ் கோடு யாரிடமும் இல்லை. மற்ற பாகங்களை யாரோ 4.0க்கு மாற்றியிருந்தார்கள். வாசல் வரை லாரிகள். "நேத்து வரைக்கும் ஓடிட்டுத்தானே தம்பி இருந்துச்சு?" என்றார் எடை போடுகிற அண்ணன். நியாயமான கேள்வி.

இணையத்தில் தேடினால் எல்லாரும் ஒரே வரியைத்தான் கொடுப்பார்கள். கன்ஃபிக் கோப்பின் ஸ்டார்ட்அப் பகுதியில் 'யூஸ் லெகசி வி2 ரன்டைம் ஆக்டிவேஷன் பாலிசி' என்பதை ட்ரூ ஆக்க வேண்டும். (பேரைச் சொல்லவே மூச்சு வாங்கும்.) பேரைப் பார்த்துவிட்டு, பழைய ரன்டைம் திரும்பி வந்து டிஎல்எல்லை ஓட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். நேர் எதிர். பழையதைக் கேட்கும் டிஎல்எல்லையும் 4.0வே ஓட்டும். ஒரே ப்ராசஸுக்குள் இரண்டு ரன்டைமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் வசதியை 4.0 கொண்டுவந்திருந்தது. இந்த வரியைப் போட்டால் அதுவும் போச்சு.

வரியைச் சேர்த்தேன், பிழை மறைந்தது. மில்காரர் உடனே லாரியை விடச் சொன்னார். எனக்கு மனசு ஒப்பவில்லை. டிஎல்எல் ஏறிவிட்டது என்பது வேறு, அது சொல்லும் எடை சரி என்பது வேறு. திரையில் தெரியும் கிலோவுக்குத்தான் நெல் கொண்டுவந்தவருக்குப் பணம். காலி வண்டி, பாதி லோடு, முழு லோடு என்று 40 தடவை ஒப்பிட்டோம். இண்டிகேட்டரில் தெரிவதை அண்ணன் சத்தமாகப் படிப்பார், திரையில் வருவதோடு சேர்த்து நான் நோட்டில் எழுதுவேன். ஒருமுறைகூட மாறவில்லை.

ஆனாலும் எனக்குப் பிடித்த வழி வேறு. அந்த டிஎல்எல்லை மட்டும் 2.0இல் ஓடும் ஒரு சின்ன புரோகிராமில் தனியாக வைத்து, எடையை பைப் வழியாகக் கேட்டு வாங்கலாம். "ரெண்டு நாள் ஆகும் சார்" என்றதுமே மில்காரர் கையை ஆட்டிவிட்டார். அறுவடை நேரம். அந்த வரி இன்னும் அங்கேதான் இருக்கிறது, எதற்காகப் போட்டது என்று மேலே நான் எழுதிவைத்த குறிப்போடு.