கடல் கடந்த இல்லறமும் வருமான வரியும்

பொருள்வயிற் பிரிவைப் பற்றி மாணவர்க்குச் சொல்லாத தமிழாசிரியர் நம்முள் இரார். பொருள் தேடும் பொருட்டுத் தலைவன் தலைவியை நீங்கிச் செல்லுதலும், அப்பிரிவுக்குப் பாலையும் வேனிலும் உரியனவாதலும் இலக்கணம் வகுத்துக் காட்டிய செய்திகள். கடல் வழிச் செலவு மகளிரோடு கூடி நிகழ்தல் இல்லை என்று தொல்காப்பிய அகத்திணையியல் கூறுவதையும் நாம் கரும்பலகையில் எழுதி விளக்கியிருக்கிறோம். இலக்கணம் தொடாத செய்தி ஒன்று உண்டு. ஈட்டிய பொருளுக்கு வரி செலுத்தும் வேளையில் தலைவன் ஒரு நாட்டிலும் தலைவி மற்றொரு நாட்டிலும் இருப்பார்களானால், அரசு அவ்விருவரையும் ஒரு குடும்பமாக எண்ணுமா, தொடர்பில்லாத இரு தனியாள்களாக எண்ணுமா என்பதே அது. ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளாக இவ்வினாவோடு வாழ்ந்து வருபவன் ஆதலின் இதைப் பற்றி எழுதத் துணிந்தேன்.

என் மனைவி திருச்சிராப்பள்ளியில் அரசு உதவி பெறும் பள்ளியொன்றில் ஆசிரியை. நான் பேராக் மாநிலத்தில், முன்பு தோட்டப்பள்ளியாக இருந்து பின்னர் ஊருக்கு இடம் பெயர்ந்த ஒரு தமிழ்ப்பள்ளியின் தலைமையாசிரியன். மணமான புதிதில் அவள் ஈப்போவுக்கு வந்து சில திங்கள் இருந்தாள். பிறகு அவளுடைய தாயார் நோயுற்றார், அவள் போனாள், அங்கே பணியும் கிடைத்தது. தமிழ்நாட்டில் 2003 ஏப்ரலுக்கு முன் பணியில் சேர்ந்தோர்க்கே பழைய ஓய்வூதியத் திட்டம் உரியது. அவள் அதற்கு முன்பே சேர்ந்துவிட்டாள். அப்பணியைத் துறந்து வா என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இங்குள்ள பள்ளியை விட்டு வாருங்கள் என்று அவளும் என்னிடம் சொன்னதில்லை. விடுமுறைதோறும் ஒருவரை ஒருவர் தேடிச் செல்கிறோம். இதில் பெருமையும் இல்லை, புலம்பலும் இல்லை.

எங்களுக்கு முன்னரே இப்பாதையில் நடந்தவர் பலர். ஈப்போ லகாட் சாலைப் பக்கம் ஒரு காலத்தில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்தன. முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். அவருடைய ஏஜெண்டு மூன்றாண்டுக் கணக்கில் கப்பலேறி வருவார். ஏஜெண்டின் மனைவியும் குழந்தைகளும் ஊரிலேயே தங்குவர். மலாயாவில் வருமான வரி நிலைபெற்றது 1947 ஆம் ஆண்டுச் சட்டத்தால், 1948 முதலே. ஆதலின் அதற்கு முன் இங்கே கிட்டங்கியில் அமர்ந்திருந்தவரை வரி பெரிதும் வருத்தவில்லை. வரி காத்திருந்தது மனைவி இருந்த ஊரில்.

பிரிட்டிஷ் இந்தியாவின் 1922 ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில், 1939 ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், நான்காம் பிரிவில் ஓர் உட்பிரிவு இருந்தது. கணவன் அந்நாட்டில் குடியிராதவன், மனைவி குடியிருப்பவள், கணவன் அங்கே கணக்கில் வராத தன் வருமானத்திலிருந்து மனைவிக்குப் பணம் அனுப்புகிறான். அப்பணம் அந்நாட்டிலேயே மனைவிக்கு விளைந்த வருமானமாகக் கருதப்படும் என்பது அவ்விதி. முதன்முறை இதைப் படித்தபோது நான் சற்று நேரம் நூலை மூடி வைத்துவிட்டேன். பிள்ளைகளின் பாலுக்கும் மாமியாரின் மருந்துக்கும் போன பணத்தைச் சட்டம் அந்தப் பெண்ணின் சம்பாத்தியம் என்று பெயரிட்டு அழைத்தது! தொகை வரிவரம்பைத் தாண்டினால்தான் வரி என்பது உண்மையே. ஆயினும் கணவன் தன் குடும்பத்தைக் காத்தலையே ஒரு வருவாயாக எழுதும் மனப்பாங்கு எனக்கு இன்றும் உடன்பாடன்று.

இதிலும் ஒரு வேடிக்கை உண்டு. செட்டிநாட்டு ஊர்களுள் சில அக்காலத்தில் புதுக்கோட்டை சமஸ்தானத்தைச் சேர்ந்தவை. சமஸ்தானமோ பிரிட்டிஷ் இந்தியாவுக்குப் புறம்பானது. 1948 இல்தான் இந்தியாவோடு இணைந்தது. ஆகவே காரைக்குடியில் குடியிருந்த ஓர் ஆச்சிக்குப் பொருந்திய விதி, சில கல் தொலைவில் சமஸ்தானத்து ஊரில் குடியிருந்த மற்றோர் ஆச்சிக்குப் பொருந்தவில்லை.

மனைவி மக்களை உடன் அழைத்துச் சென்றவர்களுக்கேனும் தொல்லை இல்லையா என்றால், அதுவும் இல்லை. கொழும்பில் மனைவியோடும் மக்களோடும் வாழ்ந்து அங்கேயே வணிகம் நடத்திய சுப்பையா செட்டியார் என்பவரின் வழக்கு 1950 இறுதியில் இந்திய உச்ச நீதிமன்றத்தில் தீர்ந்தது. கணக்காண்டில் அவர் ஏழு முறை இந்தியா வந்து மொத்தம் 101 நாள் தங்கியிருந்தார். கூட்டுக்குடும்பத்தின் தலைவர் ஆதலின், குடும்ப விவகாரங்களின் ஆட்சியும் மேற்பார்வையும் முற்றிலும் இந்தியாவுக்கு வெளியே இருந்தன என்று அவர் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. கொழும்புக் கடையோடு நடந்த கடிதப் போக்குவரத்தைக் காட்டுமாறு அதிகாரிகள் கேட்டார்கள், அது காட்டப்படவில்லை. குடும்பம் இந்தியாவில் குடியிருப்பதாகவே தீர்ப்பாயிற்று. வீடும் மனைவியும் மக்களும் கடலுக்கு அப்பால் இருக்க, சட்டத்தின் கண்ணில் குடும்பம் இப்பால் இருந்தது. மாணவர்க்கு 'ஆகுபெயர்' கற்பிக்கும்போது இவ்வழக்கைச் சொல்லலாமோ என்று எனக்குத் தோன்றியதுண்டு.

செட்டியார்களை விட்டுத் தோட்டப்புறத்துக்கு வருவோம். நான் பிறந்தது சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில். பால்மரங்கள் நின்ற இடத்தில் இப்பொழுது செம்பனை நிற்கிறது, லயங்கள் இல்லை. பால்வெட்டுத் தொழிலாளரின் கூலி வருமான வரியின் வாசற்படியை எட்டியதில்லை. எனினும் பிரிவு எட்டியது. 1968 இல் குடியுரிமை இல்லாதோர்க்கு வேலை அனுமதிச் சீட்டு வேண்டும் என்று சட்டம் வந்தது. 1969 க்குப் பின் அது கண்டிப்பாக நடைமுறைக்கு வந்தது. சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்த பல்லாயிரவர் 'ரஜூலா' போன்ற கப்பல்களில் ஊர் திரும்பினர். நீலக் கார்டு பெற்றிருந்த மனைவியும் சிவப்புக் கார்டு வைத்திருந்த கணவனும் ஒரே லயத்தில் இருந்த காலம் அது.

எனக்கு நான்காம் ஆண்டில் தமிழ் கற்பித்த அம்மையாரின் கணவர் அவ்வாறு போனவர்களுள் ஒருவர். அவர் தோட்டத்தில் கிராணியாக இருந்தார். 1970 இல் பட்டுக்கோட்டைப் பக்கம் தம் ஊருக்குத் திரும்பினார். அம்மையார் இங்கே பிறந்தவர், கையில் ஆசிரியப் பணி, இரண்டு குழந்தைகள். அவர் தங்கிவிட்டார். திங்கள்தோறும் வங்கி வரைவோலை எடுத்துக் கணவருக்கு அனுப்பினார். பொருள்வயிற் பிரிவு இங்கே தலைகீழாய் நடந்தது: பிரிந்து போனவன் தலைவன், பொருள் ஈட்டியவள் தலைவி.

மனைவியின் வருமானத்தைக் கணவனுடைய வருமானத்தோடு சேர்த்து எண்ணுவதே அக்காலத்து நம் நாட்டுச் சட்டத்தின் பொதுவிதி. தனி மதிப்பீடு வேண்டுவோர் அதைக் கேட்டு எழுத வேண்டும். அம்மையார் ஆண்டுதோறும் தவறாமல் எழுதினார். வரி என்னவோ சிறிதுதான். பின்னாளில், நான் பயிற்சிக் கல்லூரி முடித்துப் பணியில் சேர்ந்த புதிதில், அந்தக் கடித நகல்களை எனக்குக் காட்டினார். எல்லாவற்றிலும் திருமண நிலை என்ற இடத்தில் 'திருமணமானவர்' என்று இருந்தது. "கூட இல்லையே என்று கேட்டார்கள் தம்பி. கூட இல்லை, ஆனால் இருக்கிறார் என்று சொன்னேன்" என்றார். கணவர் ஒரே ஒரு முறை வருகை அனுமதி பெற்று வந்து ஒரு திங்கள் தங்கினார். 1983 இல் ஊரிலேயே காலமானார். அதற்கு மறு ஆண்டின் நகலில்தான் 'கைம்பெண்' என்ற சொல்லைக் கண்டேன். மனைவியின் வருமானம் தானாகவே தனியே மதிப்பிடப்படும் நிலை 1991 மதிப்பீட்டாண்டில் வந்தபோது, அம்மையாருக்கு அதனால் ஆகப்போவது ஒன்றும் இருக்கவில்லை. ஆங்கில நாட்டிலேயே அது 1990 ஏப்ரலில்தான் வந்தது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். நாம் மட்டும் பின்தங்கியிருந்தோம் என்று எண்ணிவிடலாகாது.

இனி என் கதை. 2004 மதிப்பீட்டாண்டு முதல் நம் வரியை நாமே கணக்கிட்டுக் கொள்ளும் முறை நடப்பில் இருக்கிறது. ஊதியம் பெறுவோர்க்குப் பி.இ. படிவம், ஏப்ரல் 30 கெடு. பற்றுச்சீட்டுகளை ஏழாண்டு பாதுகாக்க வேண்டும். பள்ளியில் ஏப்ரல் பிறந்தால் ஆசிரியர்கள் என் அறைக்கு வருவது வழக்கம். பலருக்கு ஐயம் வருவது கணவன் அல்லது மனைவிக்குரிய கழிவு என்னும் கட்டத்தில்தான். வருமானம் இல்லாத மனைவியை உடையவன் அக்கழிவைக் கேட்கலாம். முன்பு 3,000 வெள்ளி. 2016 மதிப்பீட்டாண்டு முதல் 4,000. இங்கே வரிக்குரிய வருமானம் என் மனைவிக்கு இல்லை. ஆகவே அதுவரை எனக்கு அக்கழிவு கிடைத்து வந்தது.

2017 மதிப்பீட்டாண்டில் விதி மாறிற்று. மனைவிக்கு வெளிநாட்டிலிருந்து ஆண்டுக்கு 4,000 வெள்ளிக்கு மேற்பட்ட மொத்த வருமானம் இருக்குமானால் கழிவு இல்லை என்றாயிற்று. மாற்றுத்திறனாளியான துணைவருக்கு மட்டும் இது விலக்கு. திருச்சியில் ஓர் ஆசிரியையின் ஆண்டு ஊதியம் அவ்வரம்பைப் பன்மடங்கு தாண்டும். தொகையைப் பார்த்தால் பெரிதன்று: வரிக்குரிய வருமானம் 50,000 க்கு மேல் 70,000 வரை உள்ள படியில் இன்றைய வீதம் 11 விழுக்காடு, 4,000 க்கு 440 வெள்ளி. விமானச் சீட்டு ஒன்றின் ஒரு பகுதி.

என்னை உறுத்தியது தொகை அன்று. சட்டத்தின் சொற்கள் 'தன்னோடு சேர்ந்து வாழும் மனைவி' என்று பேசுகின்றன. அக்கட்டத்தை வெற்றாக விட்டால், அவள் என்னோடு சேர்ந்து வாழவில்லை என்று நானே கையொப்பமிட்டுக் கொடுப்பதாகுமோ என்று ஐயுற்றேன். நாளைக்கு அவளுடைய நீண்டகால வருகை அனுமதிக்கு விண்ணப்பிக்கும்போது யாரேனும் அதை எடுத்துக் காட்டினால்? ஈப்போவில் வருமான வரி அலுவலகத்துக்கே சென்று கேட்டேன். முகப்பில் இருந்த மலாய்ப் பெண்மணி பொறுமையாகக் கேட்டு, "சிக்கு, உங்கள் மனைவி தொலைவில் இருப்பதனால் அன்று, வெளிநாட்டில் ஈட்டுகிறார் என்பதனால்தான் கழிவு இல்லை. திருமணமானவர் என்றே எழுதுங்கள்" என்றார். அன்றிரவு தொலைபேசியில் இதைச் சொன்னேன். "நாலாயிரம் வெள்ளிக்குத்தானே இவ்வளவு கவலைப்பட்டீர்கள்! என் மதிப்பு அவ்வளவுதானா?" என்று சிரித்தாள்.

அவள் பக்கத்தில் கணக்கு எளிது. இந்தியாவில் கணவனும் மனைவியும் சேர்ந்து வரிக்கணக்குக் கொடுக்கும் முறையே இல்லை. அவரவர் கணக்கு அவரவர்க்கு. நான் அனுப்பும் பணம் அவளுக்கு வருமானம் ஆகாது. 1922 ஆம் ஆண்டின் அந்தப் பழைய விதி 1961 ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம்பெறவில்லை. ஆனால் அங்கும் ஒரு முடிச்சு உண்டு. நான் கொடுத்த பணத்தை அவள் தன் பெயரில் வைப்புநிதியில் போட்டால், அதன் வட்டி என்னுடைய வருமானமாகவே எண்ணப்படும். இந்தியக் கணக்கில் அதைக் காட்ட வேண்டியவன் நான். மாமியாரின் மருத்துவத்துக்கென்று வைத்த சிறு தொகைக்காக நானும் அங்கே நிரந்தரக் கணக்கு எண் பெற்றவன். அன்று கணவனுடைய பணத்தை மனைவியின் வருமானம் என்றார்கள்; இன்று மனைவியின் வட்டியைக் கணவனுடைய வருமானம் என்கிறார்கள். இரண்டாவது விதிக்காவது காரணம் தெரிகிறது: வரியைக் குறைக்க மனைவியின் பெயரில் பொருளை மாற்றி வைக்கும் தந்திரத்தைத் தடுக்க வந்தது அது.

அமெரிக்காவில் இருக்கும் என் பழைய மாணவன் ஒருவனின் நிலை இன்னும் கடினம். மனைவி தமிழ்நாட்டில் இருக்கிறாள். அமெரிக்கக் குடியுரிமை இல்லாதவள். அவன் 'மணமானவர், தனிக்கணக்கு' என்று எழுதிச் சலுகைகள் பலவற்றை இழக்கலாம். அல்லது அவளையும் அந்நாட்டில் குடியிருப்பவளாகக் கொள்ளுமாறு இருவரும் ஒப்பமிட்டுக் கூட்டுக்கணக்குத் தரலாம். பின்னதைத் தேர்ந்தால் அவள் எந்த நாட்டில் எதை ஈட்டினாலும் அமெரிக்கக் கணக்கில் வரும். அவளுக்கு வருமானம் இல்லை. ஆகவே கூட்டுக்கணக்கே நலம் என்று தேர்ந்தான். என் மனைவியைப் போல் வேலை பார்ப்பவளாயின் மிகவும் எண்ணிப் பார்த்தே முடிவு செய்ய வேண்டியிருக்கும்.

அவள் பணி ஓய்வு பெற இன்னும் சில ஆண்டுகள் உள்ளன. அதன் பின் ஈப்போவுக்கே வந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறாள். ஓய்வூதியம் திருச்சி வங்கியில் விழும். சென்ற வாரம் ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த ஓய்வூதியமும் வெளிநாட்டு வருமானமே. அதுவும் 4,000 வெள்ளியைத் தாண்டும். ஒரே வீட்டில், ஒரே மேசையில் உண்டு வாழும் நாளிலும் அந்தக் கட்டம் வெற்றாகவே இருக்கும். அவளிடம் சொன்னேன். "இருக்கட்டும். அப்பொழுது படிவத்தை நான் வாசிக்கிறேன், நீங்கள் எழுதுங்கள்" என்றாள்.