அறுபத்தொரு நாள் அப்பா

உழவர்க்கு ஆடியும் தையும் எவ்வாறோ, அவ்வாறே மீனவர்க்குத் தடைக்காலம். குமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில் ஜூன் முதல் நாள் தொடங்கி ஜூலை 31 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லலாகாது என்பது அரசின் ஆணை. கிழக்குக் கடற்கரைக்கு இது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. ஆகவே ஒரே மாவட்டத்தில் சின்னமுட்டத்துப் படகுகள் ஓய்ந்து கிடக்கும் மே மாதத்தில் தேங்காய்ப்பட்டணத்துப் படகுகள் ஓடிக்கொண்டிருக்கும். ஜூலையில் இவை ஓய, அவை ஓடும். மீன்கள் முட்டையிட்டுப் பெருகுவதற்கு இடங்கொடுக்கும் ஏற்பாடு இது என்பதை நாம் அனைவரும் அறிவோம். கடலில் மீன் பெருகும் அதே நாள்களில் கரையிலும் ஒன்று பெருகுவதை எத்துணைப் பேர் கண்டிருக்கிறோம்?

தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை என்று நீரோடி வரை வரிசையாய் அமைந்த ஊர்களின் ஆடவர் ஆழ்கடல் தூண்டில் தொழிலில் பெயர் பெற்றவர்கள். சுறாவைத் தேடி நெடுந்தொலைவு செல்பவர்கள். இவர்களுள் பலருக்குப் படகு நிற்பது கொச்சியில். வீடு இருப்பது இங்கே. ஒருமுறை கடலுக்குள் சென்றால் கரை காண முப்பது நாள், நாற்பது நாள் ஆகும். பிடித்த மீனை இறக்கி, பனிக்கட்டியும் டீசலும் அரிசியும் ஏற்றிக்கொண்டு மீண்டும் புறப்படுவதற்கு இடையே கிடைக்கும் ஐந்தாறு நாள்களே வீட்டுக்குரியவை. அக்கடற்கரையில் பங்குப்பணி ஆற்றும் வாய்ப்பு நமக்குச் சில ஆண்டுகள் கிட்டியபோது, ஒரு மாலை அன்பியக் கூட்டம் முடிந்து நடந்து வருகையில் மனக்கணக்காக இதைக் கூட்டிப் பார்த்தோம். தடைக்காலத்தையும் சேர்த்தால்கூட ஆண்டுக்கு நூற்றுப்பத்து நாளளவு. மூன்று வயது நிறைந்த ஒரு குழந்தை தன் தந்தையோடு வாழ்ந்த காலம் ஓராண்டுக்கும் குறைவு!

பிள்ளைத்தமிழ் பாடிய நம் புலவர்கள் குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாக வகுத்தனர். கைகளை நிலத்தில் ஊன்றித் தலைநிமிர்த்தி ஆடுவது செங்கீரை, கைகொட்டுவது சப்பாணி, தளர்நடையிட்டு வருக என்று அழைப்பது வாரானை. ஒரு பருவத்திற்கும் அடுத்ததற்கும் இடையே இரண்டு திங்களே என்று எண்ணியிருக்கிறார்கள். என்ன நுட்பமான கவனிப்பு! ஆழ்கடல் மீனவனின் கணக்கில் இதை வைத்துப் பார்த்தால் நெஞ்சு கனக்கிறது. செங்கீரையில் விட்டுச் சென்ற குழந்தை அவன் திரும்பும்போது சப்பாணிக்கு வந்திருக்கும். அடுத்த முறை வாசலில் கால்வைக்கையில் அது எழுந்து நின்று, இவர் யார் என்று அம்மையின் முகத்தைப் பார்க்கும்.

ஜூன் முதல் வாரத்தில் வீடு சந்திக்கச் சென்றால் இக்காட்சியை வீட்டுக்கு வீடு காணலாம். பெட்டியும் பொம்மையுமாக வந்து இறங்கிய தந்தை திண்ணையில் அமர்ந்திருப்பார். குழந்தை பாட்டியின் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டு ஒற்றைக் கண்ணால் அவரை அளந்துகொண்டிருக்கும். ஒரு வீட்டில் மூன்று வயதுப் பெண் குழந்தை. கடலில் இருந்த நாள்களில் அப்பா அவளுக்குத் தெரிந்ததெல்லாம் கைப்பேசியில் இருந்த படமாகவே. கரைக்கு வந்த நாள்களில் அதே கைப்பேசியில் முகம் அசையும், குரல் கேட்கும். நேரில் வந்து உட்கார்ந்திருக்கும் இந்தத் தாடிக்காரரை அவள் நம்பத் தயாராயில்லை. “மக்களே, அப்பாட்ட வா” என்று அவர் கை நீட்டியபோது அவள் உள்ளே ஓடி, கைப்பேசியை எடுத்து வந்து அவர் மடியில் வைத்தாள். “இதுக்குள்ள வா” என்றாள்.

கூடியிருந்தோர் அனைவரும் சிரித்தனர். அவரும் சிரித்தார். சிரித்துவிட்டு முகத்தைத் துடைப்பதுபோல் துண்டால் சற்று நேரம் மூடிக்கொண்டார்.

ஆனால் குழந்தைகள் நெடுநாள் பகை பாராட்டத் தெரியாதவர்கள். பத்து நாள் கழித்து அவ்வழியே சென்றபோது அவள் அவர் தோளில் அமர்ந்து, காதுகள் இரண்டையும் சுக்கான்போல் பற்றித் திருப்பிக்கொண்டு தெருவில் வந்தாள். ஜூன் மாதம் பள்ளி திறக்கும் மாதமும் ஆகையால் அந்நாள்களில் பள்ளி வாயிலில் தாய்மாரைவிடத் தந்தையரே மிகுதி. கடற்கரை ஊர்களில் ஆண்டின் பிற மாதங்களில் காணவியலாத காட்சி! நீர்ப்புட்டியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, மழையில் குடையைப் பிள்ளைக்கு மட்டும் பிடித்தவாறு, ஆழ்கடலின் ஆறடி அலைக்கு அஞ்சாத ஆண்கள் மழலையர் வகுப்பு ஆசிரியையின் முன் பணிவோடு நிற்பார்கள்.

அதே குழந்தைக்குச் சடை பின்னும் பொறுப்பை ஒருநாள் தந்தை ஏற்றுக்கொண்டாராம். கயிறும் முடிச்சும் அவருடைய தொழில். ஆயிரம் தூண்டிலைச் சிக்கலின்றிக் கட்டி இறக்கும் கைகள் அவை. சடை எப்படியோ முடிந்தது. ரிப்பனை மட்டும் அவர் தமக்குத் தெரிந்த முறையில் முடிந்துவிட்டார். சுறா இழுத்தாலும் அவிழாத முடிச்சு. மாலையில் குழந்தை பள்ளியிலிருந்து வந்ததும் அம்மை அவிழ்க்கப் பார்த்து முடியாமல், பாட்டி பார்த்து முடியாமல், கடைசியில் கத்தரிக்கோல் தேவைப்பட்டது. “பாதர், ஒரு ரிப்பன் போச்சு” என்று அந்த அம்மாள் நம்மிடம் முறையிட்டார். முறையீட்டில் இருந்த மகிழ்ச்சியைக் கேட்டிருக்க வேண்டும்!

தாய்மாரைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். குடும்ப மகிழ்ச்சி என்று மேடையில் பேசுவது நம்போன்றோர்க்கு எளிது. பங்கு இல்லத்தில் இரவு முழுவதும் தடையின்றி உறங்குபவர் நாம். பல்முளைக்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு விடியுமட்டும் நடந்தவர் அல்லர். திருமணத் தயாரிப்பு வகுப்பில் இல்லறத்தைப் பற்றி நாம் சொல்லும் அழகிய சொற்களைக் கேட்டு, பின்வரிசைத் தம்பதியர் ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகைப்பதை அறியாதவர்களும் அல்லோம். மீனவப் பெண் பத்து மாதமும் தாயாகவும் தந்தையாகவும் இருக்கிறாள். காய்ச்சலுக்கு மருத்துவமனை, பள்ளிக்கூடக் கட்டணம், வீட்டின் கடன், தவணை எல்லாம் அவள் தலையில். திடீரென்று ஒருவர் வந்து, சாப்பாட்டுக்கு முன் மிட்டாய் கொடுத்து, உறங்கும் நேரத்தில் விளையாட்டுக் காட்டி, அதட்டினால் “போட்டும், பிள்ளதானே” என்று பரிந்து பேசினால் அவளுக்கு எப்படி இருக்கும்? “ரெண்டு மாசம் இவரு செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டுப் போவாரு பாதர். பத்து மாசம் நான் இருந்து திருத்தணும்” என்று ஒரு தாய் கணவரை வைத்துக்கொண்டே சொன்னார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. கணவரும் தலைகுனிந்து ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்ட கையோடு மடியிலிருந்த மகனுக்கு இன்னொரு முறுக்கை எடுத்துக் கொடுத்தார்.

இதில் தீர்ப்புச் சொல்ல நமக்கு உரிமையில்லை. எனினும் சடை பின்னவும் சோறு ஊட்டவும் கழுவித் துடைக்கவும் முன்வந்த தந்தையர் இருந்த வீடுகளில் இப்பிணக்கு விரைவில் தணிந்ததைக் கண்டோம். மடியில் வைத்துக் கொஞ்சுவதோடு நிறுத்திக்கொண்டவர்கள் விருந்தினராக வந்து விருந்தினராகவே சென்றனர். குழந்தையின் களிப்பு கொஞ்சுவோரைவிடக் குளிப்பாட்டுவோருக்கே மிகுதியாகக் கிட்டுகிறது என்று தோன்றுகிறது. சோப்பு நுரையோடு கைநழுவி ஓடும் பிள்ளையைத் துரத்திப் பிடிக்கும்போது எழுகின்ற சிரிப்பு, கடையில் வாங்கித் தரும் எந்தப் பொம்மையாலும் எழுவதில்லை.

குருமடத்தில் இறையியல் பயின்ற நாள்களில் நாசரேத்து வாழ்வைப் பற்றி நமக்கு ஒரு கேள்வி இருந்தது. இயேசு ஏறத்தாழ முப்பது வயதுவரை ஓர் எளிய வீட்டில் வாழ்ந்தார். அந்நெடிய ஆண்டுகளைப் பற்றி நற்செய்தி நூல்கள் கூறுவது மிகச் சொற்பம். பன்னிரண்டாம் வயதில் எருசலேம் சென்ற நிகழ்ச்சியை லூக்கா ஒருவரே எழுதிவைத்தார். மற்றவை எங்கே? அன்று இதனை ஆதாரங்களின் குறைபாடு என்றே கருதினோம். மீனவர் வீடுகளின் திண்ணைகளில் அமர்ந்த பின்னர் அக்கேள்வி வேறு வடிவம் கொண்டது. எழுதி வைக்கத்தக்கவை என்று ஒருவருக்கும் தோன்றாத நாள்களே ஒரு குழந்தையின் பெரும்பகுதி நாள்கள். உண்டது, உறங்கியது, விழுந்து முழங்கால் உரிந்தது, தச்சுப்பட்டறையின் மரச்சீவல்களைத் தலையில் கொட்டிக்கொண்டது. இவற்றை எந்த நற்செய்தியாளர் எழுதுவார்? திருத்தந்தை ஆறாம் பவுல் 1964 ஜனவரியில் நாசரேத்துக்குச் சென்றபோது அந்த வீட்டை ஒரு பள்ளியாகவே கண்டு உரையாற்றினார். அதே ஆண்டு நவம்பரில் வெளியான திருச்சபை பற்றிய சங்க ஏடு குடும்பத்தை இல்லத் திருச்சபை என்று அழைத்தது. ஆலயத்துக்குள் குழந்தைகள் அழுவதைக் கண்டு முகம் சுளிக்கும் பெரியவர்களுக்கு, திருத்தந்தை பிரான்சிஸ் 2014 ஜனவரியில் சிஸ்டைன் சிற்றாலயத்தில் 32 குழந்தைகளுக்குத் திருமுழுக்கு அளித்த நாளை நினைவூட்டலாம். பசித்தால் அங்கேயே பாலூட்டுங்கள் என்று தாய்மாரிடம் அவர் சொன்னார். மைக்கலாஞ்சலோவின் ஓவியங்கள் அதனால் மங்கிவிடவில்லை.

தடைக்கால ஞாயிறுகளில் நம் கோவிலின் பின்புறம் தந்தையரால் நிறைந்திருக்கும். ஆளுக்கொரு குழந்தை தோளில். மறையுரை சற்று நீண்டால் முதலில் எதிர்ப்புத் தெரிவிப்பவை அத்தோள்களே. அவ்விரு மாதங்களில் நம் மறையுரை ஏழு நிமிடத்தைத் தாண்டியதில்லை. பங்கு மக்கள் ஆண்டு முழுவதும் தடைக்காலமாக இருக்கக்கூடாதா என்று ஏங்கியிருக்கவும் கூடும்.

இந்நாள்களின் மதிப்பை வேறொரு வீட்டிலேயே நாம் முழுதாய் உணர்ந்தோம். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் அடித்தபோது இக்கடற்கரையின் ஆடவர் பலர் கடலில் இருந்தனர். திரும்பாதோர் பலர். அவர்களுள் ஒருவரின் வீடு அது. அப்போது மகனுக்கு ஒன்றரை வயது. நாம் அங்குச் சென்றபோது அவன் பள்ளிச் சிறுவன்; தந்தையின் முகம் நினைவில் இருக்க வழியில்லை. தந்தையைப் பற்றிப் பிள்ளைக்கு என்ன சொல்வீர்கள் என்று அந்தத் தாயிடம் கேட்டோம். எத்துணைப் பெரிய சுறாவைப் பிடித்தார், எவ்வளவு துணிந்தவர் என்று சொல்வார் என எதிர்பார்த்தோம். அவர் அந்த ஆண்டின் ஜூன், ஜூலையைப் பற்றியே சொன்னார். மதியம் மழை பெய்யும்போது பாயை விரித்து, பிள்ளையை நெஞ்சின்மேல் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு அவர் உறங்குவாராம். ஓட்டின்மேல் விழும் மழையின் தாளத்துக்கேற்ப முதுகில் தட்டுவாராம். மாலையில் தோளில் தூக்கிக் கடைத்தெருவுக்குப் போய்ப் பழம்பொரி வாங்கி, ஊதி ஊதி ஆறவைத்து, பாதியைப் பிள்ளைக்கும் பாதியைக் காக்கைக்கும் போடுவாராம். “காக்கா பறந்தா பிள்ள சிரிக்கும், அதுக்காக” என்றார். சொல்லிக்கொண்டிருக்கையில் சிறுவன் அருகில் வந்து நின்றான். பலமுறை கேட்ட கதை என்பது அவன் முகத்தில் தெரிந்தது. “முதுகுல எப்படித் தட்டுவாரு, சொல்லு” என்று அம்மையைக் கேட்டான். அவர் தட்டிக் காட்டினார்.

அவ்வீட்டிலிருந்து வெளியே வந்தபோது நமக்குச் சொல்ல ஏதுமில்லை. வழக்கமாகச் சொல்லும் ஆறுதல் மொழிகளைச் சொல்லாமலேயே வந்தோம்.

ஜூலை மூன்றாம் வாரத்திலிருந்து ஊரின் முகம் மாறத் தொடங்கும். கைப்பேசிகளில் பேச்செல்லாம் எஞ்சினைப் பற்றியும் தூண்டில் கயிற்றைப் பற்றியும் இருக்கும். முன்பணம் வாங்குவதும் பழைய கடனைத் தீர்ப்பதுமாக வீடுகளில் கவலை கூடும். படகைச் சீரமைக்க முன்கூட்டியே கொச்சிக்குப் புறப்படுவோர் இருப்பர். ஆடி மாதக் கடல் சுவரைத் தாண்டித் தெருவுக்குள் வந்து போகும். குழந்தைகளுக்கு நாள்காட்டி தெரியாது. ஆனால் பை எடுத்து வைக்கப்படுவதை அவை எப்படியோ கண்டுகொள்ளும். பையிலிருந்து சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே போடும் குழந்தைகளை நாம் கண்டிருக்கிறோம். தந்தை பொறுமையாக மீண்டும் அடுக்குவார். குழந்தை மீண்டும் எடுத்துப் போடும். அவ்விளையாட்டில் இருவருமே நேரத்தைக் கடத்துகிறார்கள் என்பது புரிந்து, அம்மை அடுக்களைக்குள் சென்றுவிடுவார்.

ஆகஸ்ட் முதல் வாரத்தில் அந்தச் சடைக்காரக் குழந்தையின் வீட்டு வழியாகச் செல்ல நேர்ந்தது. தந்தை இரண்டு நாள் முன்னரே போய்விட்டிருந்தார். அவள் வாசற்படியில் அமர்ந்து கப்பக்கிழங்கு தின்றுகொண்டிருந்தாள். தலை கலைந்து, இரட்டைச் சடைகள் இரண்டும் பக்கத்துக்கொரு கோணமாய் நின்றன. ரிப்பன் நன்றாக இறுகியிருந்தது. உள்ளிருந்து சீப்போடு வந்த தாய் நம்மைக் கண்டதும் நின்று, “அவரு கெட்டினது பாதர். அவுக்கவே விடமாட்டேங்கா” என்றார். குழந்தை இரு கைகளாலும் சடைகளைப் பொத்திக்கொண்டது.