பதினாறு காலில் நிற்கும் வீடு

அந்தாட்டிக்கா என்றதும் எங்களில் பலருக்குப் பென்குயின்தான் ஞாபகம் வரும். நாங்கள் வந்து சேர்ந்த இந்த ஜேர்மனிக்கு அங்கே ஒரு வீடு இருக்கிறது. பெயர் நொய்மாயர் மூன்று. பிறேமர்ஹாவனில் உள்ள அல்பிறெட் வேகனர் நிறுவனம் 2009 முதல் அதை நடத்துகிறது. வீட்டுக்குக் கீழே மண் இல்லை. கடலில் மிதக்கும் சுமார் 200 மீற்றர் தடிப்பான பனிக்கட்டிதான்.

1981இலும் 1992இலும் கட்டிய முந்திய இரண்டு நிலையங்களையும் பனி மூடிவிட்டது. ஆகவே இதை 16 கால்களில் நிறுத்தினார்கள். தொழிற்சாலையில் நாங்கள் பார்க்கும் ஹைட்ரோலிக் ஜாக்கி போன்றவைதான். பனி ஏற ஏற ஒவ்வொரு காலாகத் தூக்கி, அடியில் பனியை இறுக்கி, சுமார் 2,300 தொன் கட்டிடத்தையும் உயர்த்துகிறார்கள்.

ஆராய்ச்சி என்றால் படித்த விஞ்ஞானிகள் மட்டும் என்று நினைக்க வேண்டாம். மாரியில் தங்கும் ஒன்பது பேரில் நால்வர்தான் விஞ்ஞானிகள். மற்றவர்கள் ஒரு டொக்டர், ஒரு சமையற்காரர், ஒரு இன்ஜினியர், ஒரு எலெக்ரீசியன், கம்பியூட்டரும் ரேடியோவும் பார்ப்பவர். பிள்ளை தொழில் பழகப் போகிறேன் என்றால் முகம் சுழிக்கும் பெற்றோர் இதைக் கவனிக்கலாம். டீசல் மின்பிறப்பாக்கி நின்றால் அங்கே ஆராய்ச்சி மட்டுமல்ல, வெக்கையும் இல்லை, தண்ணீரும் இல்லை. குடிக்கிற தண்ணீரே பனியை வெட்டிப் போட்டு உருக்குவதுதான். அந்தப் பனியை வெட்ட டொக்டரும் மண்வெட்டியுடன் போக வேண்டும்.

மாரியில் மாதக்கணக்காகக் கப்பலும் இல்லை, விமானமும் இல்லை. சுமார் இரண்டு மாதம் சூரியனே எழும்பாது. வருத்தம் வந்தால் அங்கேயே பார்க்க வேண்டும். 1961இல் அதே கரைப்பக்கத்துச் சோவியத் நிலையத்தில் இருந்த ஒரேயொரு டொக்டர் றொகோசொவ், தன் குடல்வால்வைத் தானே வெட்டி எடுத்தார். அப்போது அவருக்கு முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் ஒரு டிரைவர்.

ஊரில் தாய் இறந்தாலும் அந்த ஒன்பது பேரும் போக முடியாது. ரெலிபோனில்தான் அழ வேண்டும். அகதி விடுதியில் இருந்தபடி செத்தவீட்டு ஒப்பாரியை ரெலிபோனில் கேட்ட எங்களுக்கு அதை யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஆனால் அவர்கள் விரும்பிக் கையெழுத்து வைத்துப் போனவர்கள். திரும்புகிற காலமும் அவர்களுக்குத் தெரியும்.

நவம்பர் அளவில் விமானங்கள் மறுபடி வரத் தொடங்கும். புதுப் பழமும் மரக்கறியும் கொண்டுவரும். சேர்ந்த குப்பையெல்லாம் கப்பலில் திரும்பிப் போகும்.