எல்லாவற்றிலும் ஏறினான்

இரண்டு வயதுக் குழந்தையைக் கேளிக்கைப் பூங்காவுக்கு அழைத்துப் போவது யாருடைய ஆசை? மும்பைக் குடும்பம் ஒன்றுக்கு இதற்கான பதில் ஒரு பழைய போட்டோவில் இருந்தது.

செம்பூரில் இரண்டாவது மாடியில் உள்ள அந்தச் சிறிய ஃபிளாட்டின் ஷோகேஸில், பள்ளிக்கூடக் கோப்பைகளுக்கு நடுவே ஒரு போட்டோ நிற்கிறது. படகு ஒன்று. பின்னால் சாம்பல் நிறத்தில் கழிமுகம். முழுக்கைச் சட்டையை முழங்கை வரை மடித்துவிட்ட ஒரு மனிதர். அவர் தோளில், வாயை அகலத் திறந்தபடி ஒரு குழந்தை. பின்பக்கம் பால்பாயின்ட் பேனாவில் ‘எஸ்ஸெல்வேர்ல்ட், 1990’ என்று எழுதியிருக்கிறது.

அந்தக் குழந்தை இன்று ஒரு மருந்துக் கம்பெனியின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறார். வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தப் போட்டோவைக் காட்டி அவருடைய அப்பா ஒரு கதை சொல்வார். “இவனுக்கு அப்போ ரெண்டு வயசு. எல்லாத்துலயும் ஏறினான். இறங்கவே மாட்டேன்னு ஒரே அடம்.” டிராம்பே பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற அப்பா 2024-ல் காலமானார். கதை மட்டும் வீட்டில் தங்கியது. 2025 ஜனவரியில், தன் மகளுக்கு இரண்டு வயதும் இரண்டு மாதமும் ஆனபோது, மகன் மூன்று நாள் லீவு எழுதிக் கொடுத்தார்.

அந்தத் தலைமுறை மும்பைக்காரர்களுக்கு எஸ்ஸெல்வேர்ல்ட் என்பது ஒரு பூங்காவின் பெயர் மட்டுமல்ல. 1989-ல் கோராயில் அது திறந்தபோது, அங்கே போய்ச் சேருவதே பாதிக் கொண்டாட்டம். செம்பூரிலிருந்து குர்லா, தாதர் என்று ரயில் மாறி போரிவலி; அங்கிருந்து பஸ்ஸில் படகுத்துறை; பிறகு கழிமுகத்தைக் கடக்கப் படகு. டி.வி.யில் வந்த அதன் விளம்பரப் பாட்டை இந்தி தெரியாத பிள்ளைகள்கூட முழுசாகப் பாடினார்கள். தில்லியில் அதற்கு முன்பே, 1984 நவம்பர் 19-ல், அப்பு கர் திறந்திருந்தது. 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியின் சின்னமான யானைக்குட்டியின் பெயர் அதற்கு. கல்கத்தாவில் 1991-ல் நிக்கோ பார்க் வந்தது. கோயில், பீச், சொந்த ஊர் என்றிருந்த நடுத்தரக் குடும்பத்தின் விடுமுறைப் பட்டியலில் டிக்கெட் வாங்கிப் போகும் சந்தோஷம் ஒன்றும் இப்படித்தான் சேர்ந்தது.

அப்பு கர் 2008-ல் மூடப்பட்டது. எஸ்ஸெல்வேர்ல்ட் 2022-ல் நின்றது. எனவே அப்பா போன அதே படகில் மகளை அழைத்துப் போக வழியில்லை. அடுத்த தேர்வு கோபோலி அருகே, 2013-ல் திறந்த இமேஜிகா. வாஷி பாலம், பன்வேல், அப்புறம் புனே விரைவுச் சாலை. ஹோட்டலில் இரண்டு இரவு. கணக்குப் பிரிவு ஆசாமி அல்லவா, எக்செல் தாளில் எல்லாவற்றையும் போட்டுவிட்டார்.

மனைவிக்கு அந்தத் தாளின் மீது நம்பிக்கை இல்லை. அவர் பள்ளி ஆசிரியை. “ரெண்டு வயசுல இவளுக்கு என்னங்க தெரியும்? நாலு, அஞ்சு வயசு ஆகட்டுமே” என்றார். அவர் பக்கத்தில் நியாயம் நிறையவே இருந்தது. இந்த வயதுக் குழந்தைக்கு நாளுக்கு 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் வேண்டும். அதில் மதியத் தூக்கமும் அடக்கம். பெரிய சவாரிகளின் வாசலில் எல்லாம் ஓர் அளவுகோல் நிற்கும். அதை எட்டாத குழந்தைக்கு உள்ளே இடமில்லை. மகளைக் கதவோடு ஒட்டி நிறுத்தி அளந்தார். 85 சென்டிமீட்டர். “ராட்டினத்துக்கு மட்டும்தான் தேறுவா” என்று தீர்ப்புச் சொன்னார்.

எல்லாவற்றையும்விட வலுவான வாதம் ஞாபகம் பற்றியது. பெரியவர்களிடம் அவர்களின் முதல் நினைவு எது என்று கேட்டால், பெரும்பாலும் அது மூன்று, மூன்றரை வயதுக்குப் பிறகு நடந்ததாகவே இருக்கும். அதற்கு முந்தையவை அழிந்துபோகின்றன. உளவியலில் இதற்கு ‘குழந்தைப் பருவ மறதி’ என்றே பெயர். “உங்களுக்கு அந்தப் படகு ஞாபகம் இருக்கா?” என்று மனைவி கேட்டார். அவர் யோசித்தார். கழிமுகம், முழுக்கைச் சட்டை, அப்பாவின் தோள் எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. ஆனால் அந்தக் காட்சியில் அவர் தன்னையும் பார்க்க முடிந்தது, வெளியே நின்று பார்ப்பதுபோல. ஞாபகத்தில் இருந்தது படகல்ல, போட்டோ.

“எங்கப்பா என்னை ரெண்டு வயசுல கூட்டிட்டுப் போனார்” என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு மனைவி ஒன்றும் பேசவில்லை. அப்பா இறந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. அவர் வாய்விட்டு அழுது வீட்டில் யாரும் பார்க்கவில்லை.

பாட்டியும் உடன் வந்தார். திருநெல்வேலியிலிருந்து கல்யாணமாகி மும்பைக்கு வந்து 40 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது; ‘ஏலே’ மட்டும் இன்னும் போகவில்லை. பேத்திக்கென்று ஒரு சின்ன டிபன் பாக்ஸில் தயிர்சாதம் எடுத்துக்கொண்டார். வெளிச் சாப்பாடு கூடாது என்பது இத்தகைய பூங்காக்களின் விதி என்றாலும், கைக்குழந்தைகளின் உணவைத் தடுப்பதில்லை.

விடுமுறையில் குழந்தை மனமுவந்து ஏறிய முதல் சவாரி ஹோட்டலின் லிஃப்ட். செம்பூர் வீட்டில் லிஃப்ட் கிடையாது. பொத்தானை அமுக்கினால் விளக்கு எரிகிறது, கதவு தானாகத் திறக்கிறது, உள்ளே போனால் கண்ணாடியில் இன்னொரு பாப்பா நிற்கிறது. “இன்னும்” என்றாள். ஏழு தடவை மேலும் கீழும் போய் வந்தார்கள். அப்பாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. லிஃப்டுக்கே இப்படி என்றால் நாளைக்கு!

மறுநாள் செவ்வாய்க்கிழமை. கூட்டம் இருக்காது என்று மனைவி தேர்ந்தெடுத்த நாள். வாசல் திறக்கும்போதே உள்ளே போய்விட்டார்கள். முதலில் எதிரே வந்தது பொம்மை வேடமிட்ட மனிதர். பெரிய தலை, அசையாத சிரிப்பு. பெரிய பிள்ளைகள் ஓடிப்போய்க் கை குலுக்கினார்கள். இவள் பாட்டியின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். இந்த வயதில் இது சகஜம். முகம் முகம்போல் இல்லாவிட்டால் குழந்தை மிரளும்.

அடுத்து குதிரை ராட்டினம். நின்றுகொண்டிருந்த வெள்ளைக் குதிரையைத் தடவிப் பார்த்தாள். உட்கார வைத்ததும் சிரித்தாள். அப்பா போனை எடுத்தார். மணி அடித்தது, இசை தொடங்கியது, குதிரை மேலே எழும்பியது. குழந்தை வீறிட்டாள். அடுத்து ஒரு குட்டி ரயில், அதுவும் இல்லை. படகுபோல் ஆடும் ஒன்று. அருகிலேயே போகமாட்டேன் என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள். மணி பன்னிரண்டு. தூக்க நேரம் வேறு நெருங்கிவிட்டது. எக்செல் தாளில் அதற்குள் ஆறு சவாரி முடிந்திருந்தது.

“ஒண்ணே ஒண்ணு. ஒரு போட்டோ எடுத்துட்டுப் போயிடலாம்” என்று அவர் மீண்டும் ராட்டினத்துக்கே வந்தார். குழந்தை கால்களை உதைத்தாள். அவர் அவளை இறுக்கிப் பிடித்து வெள்ளைக் குதிரையின்மேல் அழுத்தி உட்கார வைத்தார். “சிரி! பாப்பா, இங்க பாரு, சிரி!” குரல் உயர்ந்துவிட்டது. வரிசையில் நின்ற இரண்டு குடும்பங்கள் திரும்பிப் பார்த்தன. மனைவி, “விடுங்களேன்” என்றார். அவர் விடவில்லை.

“ஏலே, புள்ளைய இறக்கு” என்றார் பாட்டி.

“அம்மா, நீ சும்மா இரு. ஏறினா சரியாயிடுவா. நான் ஏறலையா?”

“எங்க ஏறின?”

அவர் திரும்பினார். பாட்டி பேத்தியை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு, மர நிழலில் இருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தார். மகன் பின்னாலேயே போனார்.

“நீ ஒண்ணுலயும் ஏறல. படகுலயே அழ ஆரம்பிச்சுட்ட. அந்தப் போட்டோவுல நீ சிரிக்கல, அழுவுத. எடுத்தவ நான்தானே, எனக்குத் தெரியாதா? உள்ள போயும் அழுகை நிக்கல. உங்கப்பா உன்னத் தூக்கிட்டு ஒரு புல்தரையில உக்காந்துட்டார். அங்க எறும்பு போயிட்டிருந்தது. அதைப் பார்த்ததும் அழுகையை நிறுத்திட்ட. ரெண்டு பேரும் மத்தியானம் பூரா அந்த எறும்புக்குப் பொரியைப் பிச்சுப் போட்டுட்டு உக்காந்திருந்தீங்க.”

“அப்புறம் ஏன் எல்லாத்துலயும் ஏறினான்னு சொன்னார்?”

“முதல்ல ஆபீஸ்ல கேட்டாங்க. அவ்வளவு ரூபாய்க்கு டிக்கெட் எடுத்துட்டு, எறும்பு பாத்துட்டு வந்தோம்னா சொல்லுவார்? அப்படியே சொல்லிப் பழகிட்டார்.” பாட்டி பேத்தியின் முதுகைத் தட்டிக்கொண்டே தொடர்ந்தார். “ஆனா ஒண்ணு சொல்லுதேன். அப்போ அவருக்கு வாரம் ஆறு நாளும் ஓவர்டைம். காலையில போகையில நீ தூங்குவ. ராத்திரி வரையிலயும் தூங்குவ. பகல் முழுக்க அவர் உன்கூட இருந்த முதல் நாள் அதுதான். வீட்டுக்கு வந்தப்புறம், ‘நாள் நல்லாப் போச்சு’ன்னு ரெண்டு தடவை சொன்னார்.”

மகன் பதில் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். மனைவி பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினார்.

உலகத்தின் புகழ்பெற்ற கேளிக்கைப் பூங்கா ஒரு பெஞ்சில்தான் தொடங்கியது என்பார்கள். லாஸ் ஏஞ்சல்ஸின் கிரிஃபித் பார்க்கில் தன் மகள்கள் ராட்டினத்தில் சுற்ற, பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தபோதுதான், பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்தே மகிழ ஓர் இடம் வேண்டும் என்று தோன்றியதாக வால்ட் டிஸ்னியே சொல்லியிருக்கிறார். 1955 ஜூலை 17-ல் டிஸ்னிலாண்ட் திறந்தது. பிள்ளைகள் கொஞ்சம் வளர்ந்திருந்தால் அந்தக் கணக்கு சரிதான். இரண்டு வயதில் மட்டும் அது தலைகீழ். அந்தக் குழந்தைக்கு வேண்டியது பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஆள்தான்.

தயிர்சாதம் சாப்பிட்டு, பாட்டியின் மடியில் முக்கால் மணி நேரம் தூங்கி எழுந்த குழந்தை, கை கழுவும் இடத்தில் ஒரு தாழ்வான குழாயைக் கண்டுபிடித்தாள். காகித டம்ளரில் தண்ணீர் பிடித்து, சிமென்ட் பள்ளத்தில் ஊற்றி, அது ஓடிப்போய்ச் சல்லடையில் மறைவதைப் பார்த்தாள். “போச்சு!” என்று கத்தினாள். மறுபடி பிடித்தாள். அப்பா பேன்ட்டை மடித்துவிட்டுப் பக்கத்தில் குந்தினார். ஒரு காய்ந்த இலையைப் போட்டு, “கப்பல்” என்றார். கப்பலும் போச்சு. அடுத்த இலைக்கு இருவரும் அலைந்தார்கள். தலைக்கு மேலே ரோலர் கோஸ்டரிலிருந்து கூச்சல் வந்துகொண்டிருந்தது. போன் மனைவியின் பையிலேயே இருந்தது. மாற்று உடுப்பு மூன்றும் தீர்ந்தன.

இரண்டாம் நாள் பூங்காவுக்கு அவர்கள் மதியம்தான் போனார்கள். குழாயில் ஒரு மணி நேரம், வெள்ளைக் குதிரையை வெளியே நின்றே ஒருமுறை தடவல், அவ்வளவுதான். மாலை லிஃப்டில் பத்து முறை.

வெள்ளிக்கிழமை ஆபீஸ் போகும்போது, கீழ்வீட்டுக்காரர் படியில் நிறுத்தி விசாரித்தார். “எப்படி இருந்தது? குழந்தை பயந்தாளா?”

“அதெல்லாம் இல்லை. எல்லாத்துலயும் ஏறினா” என்றார் அவர். “இறங்கவே மாட்டேன்னு ஒரே அடம்.”

மேலே வாசலில் பேத்தியைப் பிடித்துக்கொண்டு நின்ற பாட்டிக்கு அது காதில் விழுந்தது. அவர் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. “அப்பாவுக்கு டாட்டா சொல்லு” என்று பேத்தியின் கையை ஆட்டினார்.